அது ஏன் பரவவில்லை, கர்ஃபியூ?

கர்ஃபியூ,

கையில் இன்னும் துரு வாசம் அடிக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இன்று மதியம் கிள்ளானிலிருந்து உன் வீட்டு இரும்புக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வந்தேன். ஆறடிக்குக் குறையாது. ஏறியவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கே.எல். சென்ட்ரலில் காவலாளி என்னை நிறுத்தி, "இது என்ன, அங்கிள்?" என்று மலாயில் கேட்டார். "புவாயான்" என்றேன். தொட்டில். நரைத்த தலையை ஒரு பார்வை, குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வம்பு எதற்கு என்று வழிவிட்டார்.

அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீடு வரைக்கும் ஓட்டமும் நடையும்தான். உன்னிடம் சொல்லவேண்டும், உடனே சொல்லவேண்டும் என்ற அவசரம். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன்டா! நீ கேட்ட கேள்விக்குப் பதில் உன் வீட்டு ஜன்னலுக்கு மேலேயே இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நீ அதில் திரைச்சீலை மாட்டி வைத்திருந்தாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். அவசரப்படாதே. நீ எப்போதும் பாதியிலேயே "முடிவைச் சொல்லு லா" என்பாய். இன்றைக்காவது முழுசாகக் கேள்.

நீ பிறந்தது அறுபத்தொன்பது மே மாதம், கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இனக்கலவரம் வெடித்தபோது. நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஊரடங்கு என்று யாரும் சொன்னதில்லை, கர்ஃபியூதான். உன் அப்பா பஞ்சாங்கம் பார்த்து வைத்த நீளமான பெயரை நம் லோரோங்கில், அந்தச் சந்து முழுக்கத் தேடினாலும் சரியாக உச்சரிக்க ஆள் கிடையாது. "கர்ஃபியூ, வாடா விளையாட" என்றுதான் நான் கூப்பிட்டுப் பழகினேன். உன் அப்பா யாழ்ப்பாணத்து ரயில்வே குமாஸ்தா, என் அப்பா தண்டவாளம் செப்பனிடும் கூலி, நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். உன் வீட்டில் என்ன குழம்பு என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

உன் பிறந்தநாள் தவறாமல் உன் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. லோரோங் கடைசி வீட்டில் ரயில்வே கேட்காரரின் மனைவி, மலாய்க்கார அம்மா, எல்லோருக்கும் 'மக்சிக்', பிரசவம் பார்க்கத் தெரிந்தவர். உன் அப்பா சாரத்தோடு ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தார். மக்சிக்கின் பையைத் தூக்கி வந்தது அதே லோரோங்கில் இருந்த மணியம் அங்கிள், அப்போது பத்தொன்பது வயது இளந்தாரி. "மணியம் தங்கமான பிள்ளை. நான் போக முன்னமே அங்க வந்து நிண்டவன்" என்று உன் அப்பா முடிப்பார். கேக்கின் முதல் துண்டு அங்கிளுக்குத்தான். அவர் அதை வாசலிலேயே நின்று வாங்கித் தின்றுவிட்டுப் போய்விடுவார். கூச்சக்காரர் என்று நாம் கேலி செய்வோம்.

பின்னால் நீ கிள்ளானுக்குக் கொண்டுபோன இந்தக் குழாய் அப்போது உன் குவார்ட்டர்ஸ் வீட்டு நடு அறையில், இரண்டு தடுப்புச் சுவருக்கும் குறுக்கே கிடந்தது. உனக்குத் தூளி கட்டியது அதில்தான். பிறகு உன் அம்மா அதில் துணி காயப்போட்டார். நாம் இருவரும் அதில் தொங்கி, சுவர்ப் பலகையைப் பெயர்த்து, அடி வாங்கினோம். எண்பத்து மூன்றில் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை உன் அம்மா அதன் அடியில் உட்கார்ந்துதான் படித்தார். உன் மாமாவின் வீடு எரிந்துபோன செய்தி அது. அன்றைக்கு உனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு நீ ஒரு வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்டாய் என்பதை நான் கவனிக்கவே பல வருடம் ஆனது.

பரவாயில்லை. அந்த வார்த்தைதான்.

எனக்கோ வாயைத் திறந்தால் அதுதான் வரும். மாதம் ஒரு ஞாயிறு, வாழையிலைக் கடை மாடியில் நம் வாசகர் கூட்டம். நாட்டு நடப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். இந்தோனேசியாவைப் பாரு, கம்போடியாவைப் பாரு, சிலோனைப் பாரு, நம்ம நாடு பரவாயில்லை லா. நீ தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்குப் பரவாயில்லை?" என்பாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நாட்டைக் குறைசொல்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு மாதம் பேசாமல்கூட இருந்தோம், நினைவிருக்கிறதா? அரிசியை அளப்பதுபோல நாடுகளின் சாவை அளந்து, நம் படி சின்னது என்று நான் சந்தோஷப்படுவதாகச் சொன்னாய். அது வலித்தது. சரியாகச் சொன்னதால் வலித்தது.

அப்புறம் அந்தத் தலைப்பு! மலாய்ப் பள்ளியில் படித்த என் தமிழை நம்பி நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தது உன் தப்பு. அரசியல் வன்முறை, நம் நாடும் பிற நாடுகளும் என்று நான் பேசுவதாக ஏற்பாடு. 'மற்ற நாடுகளைப் பார்த்தால் நாம் பரவாயில்லை' என்று போடவேண்டிய இடத்தில் 'நாம் பரவவில்லை' என்று அடித்துவிட்டேன். மாடி முழுக்கச் சிரிப்பு. "பரவறதுக்கு நாம என்ன கொரோனாவா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் காது சிவந்துவிட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாய், அடிக்கப் போகிறாய் என்று பார்த்தேன். 'நாம்' என்பதை அடித்து 'அது' என்று மாற்றி, பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதிக் கொடுத்தாய்.

அது ஏன் பரவவில்லை?

"இதைப் பேசு," என்றாய். "எல்லா நாட்டிலயும் எரிஞ்ச தெருவுக்குப் புத்தகம் இருக்கு. எரியாத தெருவுக்கு ஒரு பக்கம்கூட இல்ல. கொழும்புல எங்க மாமா தெருவுல அத்தனை தமிழ் வீடும் போச்சு, பக்கத்துத் தெருவுல ஒண்ணும் ஆகல. ஏன்? நம்ம கே.எல்.லயும் அப்படித்தான். ராணுவம் மட்டுமா நிறுத்துச்சு? ஒவ்வொரு லோரோங்கா கேட்டுப் பாரு லா."

அன்றைக்கு நான் பேசவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். இருவரும் கிளம்பினோம், வயதானவர்களைத் தேடி. எத்தனை வீட்டுப் படி ஏறினோம்! பாதிப்பேர் "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார்கள். மீதிப்பேர் காப்பி கொடுத்து வேறு கதை சொன்னார்கள். மணியம் அங்கிளிடம் நாம் கேட்கவே இல்லை. அவர் கதைதான் நமக்குத் தெரியுமே!

பிறகு உன் உடம்பு கெட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, எப்படி இருக்கே என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றாய். நாற்பது வருடத்துக்கு மேலாக உன் வாயில் வராத வார்த்தை. நானும் விடவில்லை. "யாருக்குப் பரவாயில்ல?" என்றேன். நீ சிரித்தாய், இருமல் வரும்வரை சிரித்தாய். "கூட்டத்தை நடத்திடு" என்றாய். சரி என்றேன். ஆனால் பதில் இல்லாமல் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இன்று உன் மனைவி கூப்பிட்டிருந்தார். வீட்டைக் காலி செய்கிறார், மகளோடு ஷா ஆலமில் இருக்கப் போகிறார். "அண்ணே, புத்தகத்த எடுத்துக்குங்க" என்றார். மணியம் அங்கிளும் வந்திருந்தார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கைத்தடி. உன் மனைவி திரைச்சீலையை உருவிக் குழாயை இறக்கியதும் அவர் முகம் மாறியது. "அந்தக் கம்பிய யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றார். ஏன் அங்கிள் என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

"அது என்னோடது" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டவுன் பக்கம் நம்ம ஆளுங்கள மலாய்க்காரங்க வெட்டிட்டாங்கன்னு எவனோ வந்து சொன்னான். பொய்யா மெய்யா, யாரு விசாரிச்சா? நாங்க நாலு பேரு கிளம்பிட்டோம், ஆளுக்கொரு இரும்பு. லோரோங்குல மலாய்க்கார வீடு அந்தக் கடைசி வீடு ஒண்ணுதான். உள்ள மக்சிக்கும் மூணு புள்ளைங்களும். கதவுக்கு முன்னால நிக்கிறோம். நான்தான் முதல் ஆளு. கம்பிய ஓங்கிட்டேன். அப்ப பின்னாலேருந்து இவன் அப்பா சாரத்தோட ஓடிவராரு. 'தொலோங், மக்சிக், தொலோங்!' காப்பாத்துன்னு கத்துறாரு. அந்தக் குரலுக்குத்தான் அவங்க கதவத் தொறந்தாங்க. எங்க நாலு பேரு கையையும் பாத்தாங்க. உள்ள போனாங்க, பைய எடுத்தாந்தாங்க, என் கையில கொடுத்து 'பாவா'ன்னாங்க."

பாவா. தூக்கிக்கொண்டு வா.

"ஒரு கையில கம்பி, ஒரு கையில பை. அவங்க முன்னால நடக்குறாங்க, நான் பின்னால போறேன். என்ன செய்றதுன்னு தெரியாம மத்த மூணு பேரும் என் பின்னால வராங்க. அங்க போனதும் ஒருத்தன் தண்ணி காய வெக்கிறான், ஒருத்தன் துணி கொண்டாரான். நான் வாசல்ல நின்னேன். இவன் அழுத சத்தம் கேட்டுச்சு. கம்பிய அங்கயே போட்டுட்டு ஓடிட்டேன். நாலு நாள் கழிச்சி வந்து பாத்தா, அதுல தொட்டில் கட்டியிருக்கு. அப்புறம் எப்படிலா திருப்பிக் கேக்கறது?"

உன் மனைவி அழுதார். நானும்தான். "அவன் அப்பாவுக்குத் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டேன். "நான் போக முன்னமே அங்க நிண்டவன்னு வருஷா வருஷம் எல்லார் முன்னாலயும் சொல்வாரே. தெரிஞ்சி சொன்னாரா, தெரியாம சொன்னாரா? இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல. அந்தக் கேக்கு எனக்கு எறங்குனதே இல்ல."

நினைத்துப் பார்த்தாயா கர்ஃபியூ! ஊர் ஊராக நாம் தேடிய கதையின் அடியில்தான் நீ தினமும் படுத்துத் தூங்கியிருக்கிறாய்!

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தலைப்பு உன் சிவப்புப் பேனா எழுதியதுதான். மணியம் அங்கிள் வருகிறார். பேசமாட்டாராம், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாராம். குழாயை மேசைமேல் வைக்கப் போகிறேன். இனி அது என் வீட்டில்தான் இருக்கும்.

யாருக்குப் பரவாயில்லை என்று நீ கேட்பது காதில் விழுகிறது. மக்சிக்கின் மூன்று பிள்ளைகளுக்கு. மணியம் அங்கிளுக்கு, அதுவும் பாதிதான். அதே நாட்களில் வேறு சந்துகளில் செத்தவர்களுக்கு இல்லை. உன் மாமாவின் தெருவுக்கு இல்லை. இனி நான் நாடுகளை அளக்கமாட்டேன், இது சத்தியம்.

மற்ற லோரோங்குகளில் அது ஏன் பரவவில்லை என்று கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். நம் லோரோங்கில் ஏன் பரவவில்லை என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நீ பிறந்தாய்.