அக்காவின் எலும்புச் செல்கள்

மார்ச் 6
அக்காவின் கால் எலும்பு இன்னும் கூடவில்லை. தகடு வைத்தும் எக்ஸ்ரேயில் அதே கருப்பு இடைவெளி. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து அங்கே செலுத்திப் பார்க்கலாமா என்று மருத்துவர் என்னிடமே கேட்கிறார். மஜ்ஜைச் செல் வளர்ப்பதுதானே என் பிழைப்பு. முதல் அறுவை சிகிச்சையில் எடுத்த கொஞ்சம் மஜ்ஜை, அக்காவின் சம்மதத்தோடு, என் ஆய்வகத்தில் வளர்கிறது. அது சொல்லட்டும் என்றேன்.

மார்ச் 19
செல் வளரும் தட்டுகளில் சாயம் ஊற்றும் நாள். எலும்பின் சுண்ணாம்பு படிந்திருந்தால் சிவக்கும். ஒப்பிட வைத்திருந்த, கல்லூரிப் பையன் ஒருவனின் செல் வளர்ந்த தட்டு செக்கச்செவேல். அக்காவுடையதில் இரண்டொரு புள்ளி; மற்றதெல்லாம் கொழுப்புத் துளி. வயதான செல்கள் இப்படித்தான். எத்தனையோ தட்டுகளில் பார்த்ததுதான். ஆனால் இது அக்கா.

மார்ச் 20
வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். இனி ஊன்றுகோல்தான்.
"செத்துப் போச்சாடி?" என்றாள் அக்கா.
"சாகலக்கா. எலும்பாகுன்னா கொழுப்பாகுது."
"என்னை மாதிரியே. சொன்ன பேச்சு கேக்காது."
சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 26
அக்காவின் செல்லில் சாயம் ஊற்றாத தட்டு ஒன்று மிச்சம். கொட்டிக் கழுவ வேண்டியது. கை வரவில்லை. ஊட்டத் திரவம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். "என்ன, செல்லப் பிராணி வளக்கறியா?" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி.

ஏப்ரல் 14
ஐயோ, என்ன காரியம் செய்துகொண்டிருந்தேன்!
அந்தத் தட்டுக்கு இன்று சாயம் ஊற்றினேன். ஓரத்திலிருந்து நடுவரை சிவப்பு, வலை வலையாக. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.
நாங்கள் சாயம் ஊற்றும் நாள், இளம் செல்களை வைத்துக் குறித்த நாள். அன்றோடு தட்டை முடித்துவிட்டு, கிழச் செல்லுக்கு முடியாது என்று எழுதியிருக்கிறேன் — இத்தனை வருடமும்! முடியாததா? மெதுவானது. அறுபத்தாறு வயசுச் செல், நான் கைவிட்ட பிறகும், தன்பாட்டுக்குச் சுண்ணாம்பு சேர்த்துக்கிட்டே இருந்திருக்கு. எப்படி? யார் சொல்லி?

ஏப்ரல் 15
"அன்னிக்கு வேண்டாம்னீங்களே?" என்றார் மருத்துவர்.
"அவசரப்பட்டுப் பாத்துட்டேன் டாக்டர்."
"ஒரே ஒரு தட்டை நம்பியா?"
"எலும்பு கூடும்னு சொல்லல. கூடாமலே போகும்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்ல."
அக்காவிடமும் அதையே சொன்னேன். "குத்தச் சொல்லு" என்றாள்.

மே 2
மஜ்ஜை செலுத்தியாயிற்று.

ஜூலை 30
எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

செப்டம்பர் 11
இடைவெளியில் புகைபோல ஒரு வெண்மை. மருத்துவர் பேனா நுனியால் தொட்டுக் காட்டினார்.

டிசம்பர் 5
அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு மூன்று தடவை மணி அடித்துவிட்டு, வழக்கம்போல என் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு உள்ளிருந்து திறந்தது. ஊன்றுகோல் இல்லாமல் அக்கா.
"வரதுக்குள்ள எத்தனை தடவைடி அடிப்ப?" என்றாள்.