அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் ஒழுங்காக ஓடும்படி இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதி அதைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று நீ பதறுவாய். பதற வேண்டியவள் நான், மதியத்திலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கோட்டுத் தையல்காரர் வந்து கறுப்பு நூல் கேட்டார், நான் கருநீலத்தை எடுத்துக் கொடுத்தேன், கடை போட்ட இந்த இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அவர் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பட்டனக்கா, கண்ணுல பூ விழுந்துடுச்சா?" என்று கேட்டார். பூவும் இல்லை காயும் இல்லை, பயம். கடைப் போன் அடித்தால் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. சாயங்காலம் நீ கூப்பிட்டு "என்னம்மா, மூணு தடவை கூப்பிட்டிருக்கே" என்று கேட்டபோது "சும்மாதான், சாப்பிட்டியான்னு கேக்க" என்று சொல்லி வைத்துவிட்டேனே, அது சும்மா இல்லை. உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் எழுத்து. இதில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் ஓட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும், நான் பாவாடை ஹூக்குகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன், அப்பா உள்ளே ஜிப் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஒரு ஆண் குரல், ரொம்ப மரியாதை, நிறுத்தி நிறுத்திப் பேசினார். உங்கள் கடையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். என் குணம் உனக்குத் தெரியுமே. இன்ன ஆபீஸ் என்று சொல்லாமல் யாராவது நிறுத்தி நிறுத்திப் பேசி, கடையில் ஆள் எத்தனை என்று கேட்டால், வரிக்காரரோ என்ற பயத்தில் எனக்குத் தும்மல் வருவதுபோல ஒரே பதில்தான் வரும், "யாருமில்லீங்க, நானும் வீட்டுக்காரரும்தான்." அவர் விடவில்லை. முழுப்பெயர், இனிஷியல், மாப்பிள்ளை பெயர் எல்லாம் சேர்த்து நீளமாக ஒரு பெயரை வாசித்து, இவர் உங்களிடம் ஒன்பது வருஷம் மேனேஜராக இருந்தாரா என்றார். நான் சிரித்துவிட்டேன் பாப்பா. "மேனேஜரா? இந்தக் கடையில நான் திரும்பணும்னா வீட்டுக்காரர் வெளிய போகணும், மேனேஜரை எங்க உக்கார வைக்கிறது? அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க" என்றேன். நன்றிம்மா என்று வைத்துவிட்டார். நான் ஹூக்குப் பெட்டியை மூடி, அடுத்த பெட்டியைத் திறந்து, அதில் பாதி பிரித்த பிறகுதான் அந்தப் பெயர் என் காதுக்குள் இறங்கியது. அது உன் பெயர். நான் வைத்த பெயர். சர்டிபிகேட்டில் இருக்கும் அந்தப் பெயரை நான் வாயால் சொல்லிப் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும், எனக்கு நீ பாப்பா, அவ்வளவுதான். உனக்கு லேபில் வேலை கொடுத்திருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்கக் கூப்பிடுவார்கள் என்று நீ சொல்லத்தான் சொன்னாய். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து என்றாய், நானும் ஏதோ ஒரு பெண் குரல் வரும், "உங்க மகள்" என்று கேட்கும், நான் பட்டுப் பட்டென்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜிப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பட்டன் விக்கிற, உன் வாய்க்கு ஒண்ணு தைச்சுக்கிட்டிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை, அவர் திட்டாததுதான் எனக்கு இன்னும் கிலி. உடனே அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள், "சார் வெளிய போயிட்டாரு, நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரே கூப்பிடுவாரு, என்ன விஷயம்?" என்றாள். என்ன விஷயம் என்று எனக்கே தெரியாததால், பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆக நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் உன் வேலை என் நாக்கு நுனியில் தொங்குகிறது.

இதில் உன் தப்பு ஒன்றுமில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். மூன்று லேபுக்கு பயோடேட்டா அனுப்பினாய், மூன்றும் வாய் திறக்கவில்லை. நடுவில் ஒன்பது வருஷம் காலியாக இருக்கிறதும்மா, அதைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள் என்று அழுதாய். அப்போது நான்தான் பெரிய கெட்டிக்காரிபோல, "அலமாரியில வெத்திடம் இருந்தா வர்றவன் கண்ணு அங்கதான் போகும், காலிப் பெட்டியை முன்னால அடுக்கி வெச்சா எவனுக்கும் தெரியாது, நம்ம கடை பேரை எழுதிடு" என்றேன். பொய்தானேம்மா என்று கேட்டாய். லீவுக்கு வந்தபோது இரண்டு நாள் கல்லாவில் உட்கார்ந்தாயே, அது எந்தக் கணக்கு என்று உன் வாயை அடைத்தேன். கடை ஆரம்பித்த வருஷம் சரக்கு எடுக்க வழியில்லாமல் நான் காலிப் பெட்டி அடுக்கிப் பிழைத்தது உண்மைதான். ஆனால் என் அலமாரியில் யாரும் கை வைக்காதபடி நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் அலமாரியில் அந்த ஆஸ்பத்திரிக்காரர் கை வைத்தார், முதல் பெட்டியே சரிந்துவிட்டது, அதுவும் நான் தட்டி.

நாளைக்கு என்ன சொல்வது என்று மதியத்திலிருந்து யோசிக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் பொய்தான் வந்தது. மதியம் பேசியவள் வேலைக்காரி, ஒன்றும் தெரியாதவள், முதலாளியம்மா நான்தான் என்று குரலை மாற்றிப் பேசலாமா என்று பார்த்தேன். அப்பாவிடம் பேசிக் காட்டினேன், "அதே குரல்தான், கொஞ்சம் சளி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்படியே நம்பினாலும் அடுத்து ஒரு காகிதம் கேட்பார், நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் நீ ஆயுசுக்கும் அந்தக் காகிதத்துக்குப் பயந்துகொண்டே ரத்தம் எடுப்பாய். சாயம் போகும் துணி என்று தெரிந்தே லைனிங் விற்றேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே மழையில் ஐந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். அப்போது எனக்குக் கடை இருந்தது, சமாளித்தேன். உனக்கு இந்த ஒரு வேலைதான்.

அந்த ஒன்பது வருஷத்தை எடுத்துச் சொல்லு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிகிறது பாப்பா, அதுதான் வேடிக்கை. எட்டாம் மாசத்திலேயே பிறந்த பிள்ளை, மூச்சுக்கு மூச்சு விசில் சத்தம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாஸ்க் வைத்துப் புகை மருந்து, எத்தனை சொட்டு, மூச்சு எத்தனை, உதடு என்ன நிறம் என்று முன்னால் லேபில் வேலை பார்த்தபோது எழுதியதுபோல நோட்டு நோட்டாக எழுதினாயே, நான் வந்திருந்தபோது டாக்டர் உன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவனைத் தொட்டார். ஒரு தடவை இரண்டு நர்சுகள் மாறி மாறிக் குத்தியும் நரம்பு கிடைக்காமல் அவன் அலறினான். நீ அவன் கையைத் திருப்பி, விரலால் தடவி, "இங்க, சாய்ச்சுக் குத்துங்க" என்றாய், முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. போன வாரம் "ஊசி பிடிச்ச கை ஒன்பது வருஷமா கரண்டி பிடிச்சிருக்கும்மா, நடுங்கினா என்ன செய்றது" என்று கேட்டாயே. அன்றைக்கு நடுங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். இப்போது அவன் பந்து துரத்தி ஓடி வந்து இரைக்காமல் பேசுகிறான், அந்த வீடியோவை அப்பா தினமும் போட்டுப் பார்க்கிறார். இத்தனை சரக்கு உள்ளே இருக்க, நான் உன்னைக் காலிப் பெட்டி அடுக்கச் சொன்னேன்.

இருந்தாலும் பயம் போகவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு இளகிவிடுவார் என்று நினைக்க நான் சின்னப் பிள்ளை இல்லை, எழுதியது பொய் என்றால் வெளியே அனுப்பவும் செய்வார்கள், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன். திங்கள்கிழமை சேர வேண்டிய வேலை, உன் கையில் தேதி போட்ட கடிதம் இருக்கிறது, அதை நான் கிழிக்கப் போகிறேனோ. அதனால் முடிவு உன்னுடையது. என்னைக் கேட்டால், அவர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீயே அவரிடம் பேசிவிடு, அம்மா சொல்லிக் கொடுத்து எழுதினேன் என்று பழியை என் மேல் போடு, எனக்குத் தாங்கும். நீ பேசினால் "பேசிட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பு. நான் வேறு மாதிரிப் பேச வேண்டும் என்றால் அதையும் அனுப்பு, கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்றுமே வராவிட்டால் பதினோரு மணிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன், என்னிடம் வேறு சரக்கு இல்லை.

பழைய வெள்ளைக் கோட்டு வயிற்றில் இழுக்கிறது என்றாயே, புதிதாக வாங்காதே, பட்டனை ஒரு விரல் அளவு தள்ளித் தை, நூலை நாலாக மடித்துக்கொள், பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூல் காம்பு விட்டுத் தைத்தால் தெறிக்காது. தட்டையான செருப்பு போட்டுக்கொள், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அது எந்த லேபாக இருந்தாலும் சரி, கோட்டு தயாராக இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் இன்று இரவே எல்லாவற்றையும் சொல்லிவிடு, அவர் வெளியிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. பேரனுக்கு எங்கள் முத்தம். நீ எந்தப் பக்கம் காலடி வைத்தாலும் அது உறுதியாக ஊன்றட்டும், எங்கள் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நீ நன்றாக இரு.

ஒன்று மறந்துவிட்டேன். பட்டன் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் உன் சர்டிபிகேட் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், இனிஷியலோடு. நாளைக்குத் திணறக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது தடவை சொன்னபோது உள்ளே இருந்து அப்பா, "யாரு அது, கடைக்கு வந்திருக்கிறது?" என்று கேட்டார். நம்ம பாப்பாங்க என்றேன்.

இப்படிக்கு,
பதினோரு மணிக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகும்
உன் அம்மா