ஏலத்தில் எடுத்த மணல்

பாறசாலை,
22 நவம்பர் 1954

கர்த்தருக்குள் அன்பான மகள் லீலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் வீட்டிலுள்ள ஆடு கோழிகளும் சுகம். நியூயார்க் குளிரில் நீயும் நெஞ்சில் சளி கட்டாமல் சுகமாக இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். அப்பாவும் சுகம் என்று வழக்கமாக அடுத்த வரியில் எழுதுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. ஆனால் அப்பா நெய்யாற்றின்கரை போலீஸ் லாக்கப்பில் இருக்கிறார். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

போன ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பதும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவதும் உனக்குத் தெரியாததா, ஒரு தேங்காய்க்கு நம் ஆட்கள் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துச் சிரித்தவள்தானே நீ. கீழத்தெரு எலியாவுக்கு இப்போது மணவாளக்குறிச்சிப் பக்கம் கடல்மணல் பிரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. அவனுக்கு வயல் இல்லை, மரம் இல்லை, ஒரு கோழி கூட இல்லை. எனக்க உழைப்பு இதாக்கும் என்று சொல்லி, தான் பிரித்தெடுக்கிற அந்த மஞ்சள் மணலையே ஒரு சின்னச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து மரச்சீனிக் கிழங்குக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் வைத்துவிட்டான். போதகரும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டார். ஏலத்தில் மணல் வந்ததும் ஒருவரும் விலை கேட்கவில்லை, பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள், எலியாவின் முகம் அப்படியே சுருங்கிப் போனது. உன் அப்பாவுக்குத்தான் அடுத்தவன் முகம் சுருங்கினால் பொறுக்காதே, கையைத் தூக்கிவிட்டார். மணலை வைத்து என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டேன். உனக்க வாயில போடத்தான் என்றார்.

கிழங்கையும் மணலையும் ஒரே வண்டியில் ஏற்றி வந்தோம். ஆகஸ்டு மாதம் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கி வெடிவைப்பு நடத்தியதிலிருந்து இங்கே ரோட்டில் தமிழ் பேசிக்கொண்டு போனாலே நிறுத்திக் கேட்கிறார்கள், அந்தச் சமரக்காரரின் நோட்டீஸ் இருக்கிறதா என்று வண்டிகளைக் கிண்டுகிறார்கள். எங்கள் வண்டியிலும் கிண்டினார்கள், நோட்டீஸ் இல்லை, சாக்கு இருந்தது. அவ்வளவு சின்னச் சாக்கு ஒற்றைக் கைக்கு அசையவில்லை என்றதும் கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பார்த்த உடனே தெரிந்துகொண்டார். அது மோனசைட்டாம், அதிலிருந்து அணுச் சக்திக்கான தோரியம் எடுப்பார்களாம், சர்க்கார் அனுமதி இல்லாமல் ஒரு சிரட்டை அளவுகூட ஒருவரும் வைத்திருக்கக் கூடாதாம். தமிழ்க் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் வண்டியில் அணு மணல் என்றால் விடுவார்களா? அந்நிய நாட்டுக் கப்பலுக்கு விற்றுக் கட்சிக்குப் பணம் சேர்க்கிறீர்கள் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். மணல் யார் தந்தது என்று கேட்டால் அப்பா வாயே திறக்கவில்லை. எலியாவுக்குப் பிள்ளைகள் நிறைய, வேலை போனால் அடுப்பு எரியாது என்பது அவர் எண்ணம்.

அதோடு நிறுத்தினாரா? பிள்ளைகள் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, ஒரே மகள், காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்தாச்சு என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறார் பார். சோறு கொண்டுபோனபோது கம்பிக்குள்ளிருந்து மெதுவாக என்னிடம் சொன்னது இது. அவளுக்கு எழுதாண்டாம், அவளுக்க ஆபீசில இதே மணலைப் பற்றியாக்கும் பேச்சு, அப்பன் பேரைக் கேட்டா வேலைய விட்டு எடுத்துப்போடுவானுவ, யாராவது கேட்டா அந்த ஆளைத் தெரியாதுன்னு சொல்லட்டும் மக்கா. இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையும் வந்தது, நல்ல கோபமும் வந்தது.

செல்லசாமி மாமா வேறொரு யோசனை கொண்டுவந்தார். உனக்குத் தெரிந்த பெரிய ஆபீசர் யாரையாவது பிடித்து ஒரு தந்தி அடிக்கச் சொல்ல வேண்டுமாம். ஒரு தந்தி போரும், இன்ஸ்பெக்டர் எந்திச்சு நிப்பான் என்றார். ஒரு ஆள் உன்னை மறைக்கச் சொல்கிறார், இன்னொரு ஆள் உன் பதவியைக் காட்டச் சொல்கிறார். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ போன மாதம் எழுதியதை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். அங்கே உலகச் சபையில் நாடுகள் எல்லாம் கூடி, அணுச் சரக்கு யாரிடம் இருக்கிறது, எங்கே போகிறது என்று ஒருவர் வீட்டை ஒருவர் பார்க்க விடலாமா என்று பேசுகிறார்கள், நீ முதலில் கதவைத் திற, அப்புறம் நான் திறக்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சுருக்கெழுத்து எடுத்து எனக்குக் கை ஓய்ந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். சரக்கைவிட ஒளிப்பதுதான் அம்மா எல்லாருக்கும் பயம் என்றும் எழுதியிருந்தாய். இங்கே ஸ்டேஷனிலும் அதே கதைதான். அப்பா ஒளிக்க ஒளிக்க அந்தச் சாக்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. நாளைக்கு நீ காட்டாக்கடையில் இல்லை, அந்த உலகச் சபையிலேயே இருக்கிறாய் என்று தெரிந்தால், மணல் உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தது என்று எழுதிவிட மாட்டார்களா?

அதனால் இன்றைக்கு நானே எலியா வீட்டுக்குப் போனேன். திட்டத்தான் போனேன். அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தான். அத்தான் எனக்க பேரைச் சொல்லல்லன்னு கேட்டதிலிருந்து சோறு எறங்கல்ல அக்கா, அது தடுத்த சாமானம்னு தெரியும், கடவுளுக்குத்தானே குடுக்கேன்னு நினைச்சுப்போட்டேன், நாளைக்கு நானும் ஸ்டேஷனுக்கு வாறேன் என்றான். அவன் பெண்டாட்டி, நாளைக்கு உடுத்த அவனுடைய வேட்டியைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்தபிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

நாளைக் காலை போதகரும் எலியாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். எலியா தன் பங்கைச் சொல்வான். நான் என் பங்கைச் சொல்வேன், எங்கள் மகள் காட்டாக்கடையில் இல்லை, நியூயார்க்கில் இந்திய ஆபீசில் சுருக்கெழுத்து வேலை பார்க்கிறாள், அணு சம்பந்தமான கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று. அப்பா கம்பிக்குள் குதிப்பார், குதிக்கட்டும். இதனால் அவரை விடுவார்களா, இன்னும் இறுக்குவார்களா, எலியாவையும் சேர்த்து உள்ளே போடுவார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இராத்திரி தூக்கம் இல்லை. இங்கிருந்து போலீஸ் காகிதம் படிப்படியாக மேலே ஏறி உங்கள் ஆபீசுக்கு வர நாளாகும், இந்த விமானத் தபால் அதற்கு முன்னால் வந்துவிடும். வந்த அன்றைக்கே நீ உன் மேலதிகாரியிடம் போ. சிபாரிசு கேட்காதே, தந்தி கேட்காதே, நடந்ததைச் சொல். வேலை போனால் கப்பல் ஏறி வா, அம்மா இருக்கிறேன், கிழங்கு இருக்கிறது. உன்னைப் படிக்கவைத்ததை நினைத்து அன்றைக்கும் பெருமைப்படுவேன்.

கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். தலைக்கு எண்ணெய் வை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே மகளே. அதிகாரி முன்னால் நிற்கும்போது எங்கள் ஊரில் ஒருவர் என்றோ, எனக்குத் தெரிந்த ஒருவர் என்றோ ஆரம்பிக்காதே. என் அப்பா என்று ஆரம்பி.

உன் அம்மா,
ஞானசிகாமணி தங்கபாய்