நாலாயிரம் கேட்ட வீடு

காலையிலிருந்து வீடு முழுவதும் ஈரச் சுண்ணாம்பு மணம். பெருநாளுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கிறேன். சமைக்கும் குசினியிலிருந்த பெரிய அலுமாரியை நகர்த்தியபோது, அதன் பின்சுவரில் பென்சிலில் உங்கள் கையெழுத்து தெரிந்தது, கணக்கப்பிள்ளை. ஓடு, மரம், கிணறு, கொத்தனார் கூலி. அடிக்கோடிட்டு நாலாயிரம் ரூபாய்.

ரப்பர் விலை விழுந்ததால் தோட்டத்தில் பால் வெட்டுவதை நிறுத்தி, உங்களையும் வேலையிலிருந்து அனுப்பிய வாரம் நீங்கள் போட்ட கணக்கு அது. வீட்டை விற்றுவிட்டு மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கே போய்விட முடிவெடுத்திருந்தீர்கள். ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில் பாலத்தடியில் இதேபோன்ற வீடு ஒன்று நாலாயிரத்துக்குப் போனதே என்பதும் உங்கள் மனதில் இருந்தது.

"கெணறு கோடையிலயும் வத்தாது நானா. அதுக்கு ஒரு வெலை வேணாமா?" என்று என் புடவைக் கடையில் உட்கார்ந்து கேட்டீர்கள். ஊரில் எல்லோரையும்போல நீங்களும் என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவீர்கள்.

அவிசாவளையிலிருந்து வந்த ஒருவர் மூவாயிரம் தருவதாகச் சொன்னார். அன்று பின்னேரமே கடைக்கு வந்தீர்கள்.

"குடுத்திரவா நானா? வெலை இன்னும் விழுமா?"

பாலத்தடி வீடு மறுபடி கைமாறியதையும், இம்முறை இரண்டாயிரத்து ஐந்நூறுதான் கிடைத்ததையும் அன்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டின்மேல் எனக்கு ஆசை. மூவாயிரம் என்னிடம் இல்லை.

"அவசரப்படாதீங்க. ரப்பர் ஏறும். கொஞ்சம் பொறுத்தா கேட்ட வெலை கெடைக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்று நிம்மதியாக எழுந்து போனீர்கள். வந்தவரையும் திருப்பி அனுப்பினீர்கள்.

அதன்பின் யாரும் வரவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு என்றீர்கள், மூவாயிரம் என்றீர்கள். நீங்கள் ஒரு படி இறங்கும்போது நம் ருவான்வெல்லையில் விலை இரண்டு படி இறங்கியிருந்தது. உங்கள் மனைவியின் வளையல்கள் போயின. மழை பொய்த்து ஆறு குட்டைகுட்டையாக நின்ற மாதம் ஊரெங்கும் மலேரியாக் காய்ச்சல் வந்தது. தெருவே உங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளியது. ஒருவரையும் நீங்கள் தடுக்கவில்லை.

நீங்களும் காய்ச்சலில் விழுந்தபோது கொயினா மருந்தும் கஞ்சியும் கொண்டுவந்து உங்கள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் திறந்து, "ரப்பர் ஏறுச்சா நானா?" என்றீர்கள்.

"ஏறுது" என்றேன்.

அதுதான் நான் உங்களிடம் கடைசியாகச் சொன்னது. மறுநாள் நீங்கள் இல்லை.

உங்கள் மனைவி விலை எதுவும் வைக்கவில்லை. "நீங்களே பாத்துக் குடுங்க" என்றார். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். அதற்கும் குறைவாகத்தான் அன்று போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர் என்னிடம் திரும்பி வந்தார். "இந்த ஊருல எனக்கு உண்மையச் சொல்ற ஆளு நானா ஒருத்தர்தான்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க" என்று கும்பிட்டார்.

அப்படியில்லை தங்கச்சி என்று சொல்ல, பஸ் புறப்படும்வரை நேரம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இப்போதும் வீடு விற்க நினைப்பவர்கள் கடைக்கு வந்து, விலை ஏறுமா இறங்குமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் என்னை நேர்மையானவன் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கும்பிட்ட கைகள்தான் என் கண்முன் வருகின்றன.