நுனி வெளுத்த பவளம்

அன்புள்ள மச்சானுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நீ கண்ணாடித் தொட்டியோடு நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன உயிருள்ள கிளைப் பவளத்தை நானே ஊறுகாய் போட்டுவிட்டேன். தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற, கடல் பிராணிதானே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடியிலிருந்து தோல் உரிந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்த பிறகுதான் உன் அக்காவைக் கூப்பிட்டேன். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்தவள், பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்த்தாள். “அடியில சொத்தை. மேல நல்லாத்தான் இருக்கு. டார்ச்சை ஒழுங்காப் பிடிங்க, பல்லு பிடுங்க வந்தவர் மாதிரி நடுங்காதீங்க” என்றாள். நல்ல நுனிகளை நறுக்கி, பசை வைத்துச் சின்னச் சின்னக் கற்களில் ஒட்டினாள். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை மெல்ல மெல்ல இறக்கினோம்.

பிறகு ஒரு நாள் பார்த்தால் நுனியெல்லாம் வெளுத்திருந்தது! போச்சு என்று வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டு ஒப்பாரி வைத்தேன். “சார், அடி வெளுத்தாத்தான் சாவு. நுனி வெளுத்தா வளருதுன்னு அர்த்தம்” என்றார். உன் அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

உனக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவும். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அவளுக்கு டிவி, எனக்கு மொட்டைமாடி என்று பாகம் பிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது தொட்டி முன்னால் இரண்டு நாற்காலி. எந்தக் கிளை வளர்ந்திருக்கிறது என்று தினமும் சண்டை. அவள் என்னை மனசாரத் திட்டிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

அடுத்த மாதம் வந்து தொட்டியை எடுத்துப் போவதாக எழுதியிருந்தாய். வா, நாலு நாள் தங்கு. ஆனால் ஒட்டிய பவளத்தை ஒரு வருஷத்துக்கு அசைக்கவே கூடாது என்று உன் அக்கா கண்டிப்பாகச் சொல்கிறாள். நர்ஸ் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உன் வீட்டுக்குப் புதுத் தொட்டி வாங்க நானே கூட வருகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், மச்சான்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடைக்காரரிடம் விசாரித்தேன். ஒட்டிய பவளம் பிடித்துக்கொள்ள ஒரு வாரம் போதுமாம். “இதையேதான் போன வாரம் உங்க வீட்டம்மாவும் வந்து கேட்டுட்டுப் போனாங்க” என்றார்.