ஞாயிறு, ஐந்திலிருந்து ஆறு வரை

ஜூன் 2, ஞாயிறு

இன்றும் விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் திணறிவிட்டது. தீவின் கிழக்குக் கரையில் மகள் படகை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள், நான் ஏறுவதற்குள் திரை உறைந்துபோய், திரும்பி வந்தபோது அவள் நடுக்கடலில். ஹெட்போனில் ஒரே சிரிப்பு. “அப்பா, நீங்க பேய் மாதிரி விட்டு விட்டுத் தெரியறீங்க!”

சிரித்துவைத்தேன். முடிக்கும்போது ஓர் அறிவிப்பு வந்தது. ஜூன் 15 முதல் விளையாட்டின் புதிய பதிப்பு. கீழே, எந்தெந்தக் கிராபிக்ஸ் கார்டில் இனி ஓடாது என்று ஒரு பட்டியல். என்னுடையதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, முதல் வரியிலேயே இருந்தது. பதினோரு வருடக் கம்ப்யூட்டர். வேறென்ன எதிர்பார்த்தேன்?

போனில் பேசினால் “ம்”, “சாப்ட்டேன்”, “சரிப்பா”. மூன்று சொல்லுக்கு மேல் வராது. அந்தத் தீவில் மட்டும்தான் வாய் ஓயாமல் பேசுகிறாள் – வகுப்பில் யார் அழுதது, கணக்கு டீச்சர் எப்படி இருமுவார், எல்லாம். பதின்மூன்று வயது. ஒன்பது மணி நேரப் பஸ் தூரத்தில், அவளுடைய மாமா வீட்டில், அம்மாவோடு இருக்கிறாள். பிரிந்து இரண்டு வருடம். எனக்கென்று மிச்சமிருப்பது வாரத்துக்கு இந்த ஒரு மணி நேரம்.

ஜூன் 4, செவ்வாய்

அச்சகம் விட்டதும் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேலே தூக்கி வைத்திருப்பார், அதனால் மனதுக்குள் நான் அவரை நெற்றிக்கண் என்றுதான் கூப்பிடுகிறேன். புதுக் கார்டின் விலையைச் சொன்னார். சும்மா கேட்டேன் என்றேன். பழைய கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுவே என் பாதிச் சம்பளம்.

“கார்டு மட்டும் போட்டா பத்தாது சார். உங்க பவர் சப்ளை இத தாங்காது. அதையும் மாத்திடுங்க.”

“முதல்ல கார்டப் போட்டுப் பாப்போம்.”

“பாருங்க, பாருங்க” என்றார். அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, சனி

வாஷிங் மெஷினை விற்றுவிட்டேன். ஒற்றை ஆளின் நாலு சட்டைக்கு எதற்கு மெஷின் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை, பக்கெட்டை அங்கே நகர்த்தி வைத்தேன்.

ஜூன் 15, சனி

பழைய கார்டை வாங்கிவந்தேன். உள்ளே போகவில்லை! ஹார்டு டிஸ்க் மாட்டுகிற தகரக் கூண்டு இடிக்கிறது. விரற்கடை இடம் போதவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் காகிதம் வெட்டுகிறவன் நான், ஒரு நூல் பிசகினால் முதலாளி கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்புவார். கேபினட்டை அளக்கத் தோன்றவில்லை.

இரும்பு ரம்பத்தால் கூண்டைப் பாதி அறுத்தேன். உள்ளங்கையில் கிழிசல். கார்டு உட்கார்ந்துவிட்டது. திரை பளிச்சென்று வந்தது, தண்ணீரில் வானம் தெரிந்தது. நாலு நிமிடம். பிறகு பொசுக்கென்று எல்லாம் அணைந்தது. பவர் தாங்கவில்லை. நெற்றிக்கண் சொன்னதேதான்.

ஜூன் 16, ஞாயிறு

மூன்று தடவை அணைந்தது. மூன்றாவது தடவை மகளுக்குப் போன் செய்து, இங்கே கரண்ட் போய்விட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் போனை எடுத்தபோதே பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. “அந்த டப்பாவ நோண்டறத உங்கப்பா எப்பதான் விடப்போறாரு?” அதனால்தான்.

ஜூன் 22, சனி

செத்துப்போச்சு. எல்லாம் செத்துப்போச்சு.

ஜூன் 24, திங்கள்

இரண்டு நாளாகப் பேனாவைத் தொடவில்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன், அடுத்த தடவையாவது புத்தி இருக்கட்டும். அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால்.

சனிக்கிழமை பழைய பவர் சப்ளை ஒன்று வாங்கிவந்தேன். அதோடு அதற்கான கேபிள்களும் ஒரு பையில் இருந்தன. என்னுடைய பழைய கேபிள்களோ முன்பே கேபினட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நானே வரிசையாக வளைத்து, கட்டி, அச்சடித்த மாதிரி வைத்தவை. அதைப் பிரிக்க மனசு வரவில்லை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் மாற்றி, பழைய கேபிள்களின் நுனியைப் புதுப் பெட்டியில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தின, ‘க்ளிக்’ என்றுகூடக் கேட்டது. சுவிட்சைப் போட்டேன். சின்னதாக ஒரு ‘டப்’. பிறகு நாற்றம்.

இன்று கடையில் நெற்றிக்கண் முதல் தடவையாகக் கண்ணாடியை இறக்கிக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“பெட்டிய மாத்தினா கேபிளையும் மாத்தணும் சார். வாய் ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ள கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னண்டு போயிருக்கு. ஹார்டு டிஸ்க் காலி. மதர்போர்டும் காலி. கார்டு தப்பிச்சுது, உங்க நல்ல நேரம்.”

என் நல்ல நேரமாம்.

“கழட்டச் சோம்பலா சார்?” என்று வேறு கேட்டார். சோம்பல் இல்லை. அழகாக இருந்தது, அதனால் விட்டுவைத்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மகளிடம் சொல்லவில்லை. நேற்று ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் செய்தி அனுப்பினேன் – அச்சகத்தில் அவசர ஆர்டர், இனிக் கொஞ்ச நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. “சரிப்பா” என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம்.

ஜூன் 30, ஞாயிறு

ஐந்திலிருந்து ஆறு வரை துணி துவைத்தேன்.

ஜூலை 3, புதன்

என் தலைமுறை மதர்போர்டு இப்போது கிடைப்பதில்லை. யாராவது பழைய மெஷினைக் கொண்டுவந்து போட்டால் சொல்கிறேன் என்றார் நெற்றிக்கண். ஆக, எங்கேயோ ஒருவனுடைய கம்ப்யூட்டர் சாக வேண்டும் என்று காத்திருக்கிறேன். மனுஷன் எவ்வளவு கேவலமாகப் போய்விடுகிறான்.

முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை வேலை கேட்டேன். கொஞ்சம் காசும் சேரும், சொன்ன பொய்யும் உண்மையாகிவிடும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம யாருய்யா கடைய தொறக்கறது? ஒனக்கு வீடு வாசல் கெடையாதா?”

வீடு இருக்கிறது. அதில் அறுபட்ட தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

அவளுக்குப் போன் செய்தேன்.

“வேல எப்படிப்பா?”

“இருக்கும்மா. நெறய.”

“ம்.”

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

நாற்பது விநாடி. நான் இல்லாத தீவில் அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள், வகுப்புத் தோழிகள் சேர்ந்திருப்பார்கள், என்னை விடக் கெட்டிக்காரர்கள். நாங்கள் அங்கே கட்டிய வீட்டில் என் அறையை இடித்துக் கோழிக்கூண்டு கட்டியிருப்பார்கள். கட்டட்டும். அப்படி நினைத்தால் வயிறு எரிகிறது. எதற்கு எரிய வேண்டும்? குழந்தை சந்தோஷமாக இருந்தால் போதாதா? போதவில்லை. எழுதினால்தான் என்ன, படிக்கப்போவது நான்தானே. போதவே இல்லை.

நேரில் போயிருக்கலாம். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவள் மாமா வாசலில் நின்று பெல் அடிக்க என் வறட்டுக் கௌரவம் விடவில்லை. கம்ப்யூட்டர் இருந்தவரை அது தெரியாமல் இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

நெற்றிக்கண் போன் செய்தார். போர்டு ஒன்று வந்திருக்கிறது, ஹார்டு டிஸ்கும் சேர்த்துத் தருகிறாராம். அரை மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன்.

ஜூலை 27, சனி

எல்லாக் கேபிளையும் பிடுங்கிப் போட்டேன். பெட்டியோடு வந்ததை மட்டும் மாட்டினேன். உள்ளே பார்த்தால் பிரித்துப் போட்ட ஸ்வெட்டர் மாதிரி இருக்கிறது. சுவிட்சைப் போட்டேன். ஓடுகிறது. இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். அணையவில்லை. சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குத் திடீரென்று போய் நிற்பேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஐந்துக்கு உள்ளே போனேன். தீவு துல்லியமாக இருக்கிறது, புல் தனித்தனியாகத் தெரிகிறது. அவள் இல்லை. தோழிகள் யாரும் இல்லை. கோழிக்கூண்டு இல்லை. என் அறை அப்படியே இருந்தது.

வீட்டுக் கதவைத் தொட்டால், யார் எப்போது வந்தார்கள் என்ற பட்டியல் வரும். நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

ஜூன் 23, ஐந்திலிருந்து ஆறு. ஜூன் 30, ஐந்திலிருந்து ஆறு. ஜூலை 7, ஐந்திலிருந்து ஆறு. ஜூலை 14, ஐந்திலிருந்து ஐந்தே கால்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

தனியாக ஒரு மணி நேரம் என்ன செய்திருப்பாள்? ஒரு செடிகூடப் புதிதாக நடவில்லை. நான் இங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளும் அங்கே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள். அய்யோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்? கேபிளை மாத்தாம விட்டுட்டேன்மா, எரிஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே!

ஜூலை 29, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மெஷினுக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன். காலையில், அவள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன் – கார்டு, கூண்டு, கேபிள், ஞாயிற்றுக்கிழமை வேலை எதுவும் கிடையாது என்பது.

“அம்மா அன்னிக்கே சொன்னாங்க. அந்த பிரஸ் ஞாயித்துக்கெழம தொறக்கவே மாட்டாங்கன்னு” என்றாள்.

“நீ என்ன சொன்ன?”

“அப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சண்ட போட்டேன்.”

அவளே தொடர்ந்தாள். விளையாட்டை அவள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டாளாம். கோபத்தில் இல்லையாம், போரடித்ததாம். “ஸ்கூலுக்கு நேரமாச்சுப்பா” என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். நெற்றிக்கண்ணுக்குப் புரியவில்லை.

“நல்லாத்தான சார் ஓடுது? இவ்ளோ பாடுபட்டுட்டு ஏன் திருப்பறீங்க?”

ஊருக்குப் போகிறேன் என்றேன். வாங்கிய விலையில் கால்வாசியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். நான் பேரம் பேசவில்லை. போக வர டிக்கெட் எடுத்தேன். முதலாளியிடம் சனிக்கிழமை லீவு சொன்னேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளை காலை ஒன்பதுக்கு வண்டி, மாலை ஆறுக்குப் போய்ச் சேரும், அங்கே லாட்ஜில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிடு என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலாக ஒரே ஒரு சொல் வந்தது.

“நெஜமாவா?”

டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.