சீசர் யாருடைய நாய்?

என்னங்க,

தாம்பரத்து மக்களின் பாதுகாப்புக்காக உயிரையே கொடுப்பேன் என்று குடியிருப்போர் சங்கத்தில் முழங்கினீர்கள். மாநகராட்சி ஆபத்தான நாய்களைப் பதிவு செய்யச் சொன்னதும், சீசரை என் பெயரில் பதிந்துவிட்டீர்கள். ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அது "என் சிங்கம்". நேற்று மாநகராட்சிக்காரர் போன் செய்து, "நாய் உங்க பேர்லதான் கீதும்மா, கடிச்சா கேஸும் உங்க மேலதான்" என்ற பிறகே எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே உங்களுக்கு.

நான் குன்றத்தூர் அக்கா வீட்டுக்குப் போகிறேன். மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கேட் சாவி ஃபிரிட்ஜ் மேல். மாநகராட்சிக்காரர் இன்று பதினோரு மணிக்கு நாயைப் பார்க்க வருவார், நீங்களே காட்டுங்கள்.

ரத்தினபாய்

பி.கு.: நாய்க்கு வாய்மூடியை நானே மாட்டிவிட்டேன். சீசர் பக்கத்தில் போக உங்களுக்குப் பயம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.